எச்டி கல்யாண வீடியோ: டிவிடியில் ஜரிகை நடுங்குகிறது

கேள்வி: தங்கை கல்யாணம், 1080 50ஐ-யில் (இன்டர்லேஸ் எச்டி) எடுத்தது, 2 மணி நேரம். ஊரில் பெரியப்பாவிடம் இருப்பது டிவிடி பிளேயர்தான். எடிட்டரிலிருந்து நேரே பால் (PAL, நம்மூர் டிவி முறை) டிவிடிக்கு எடுத்தால் பட்டுப்புடவை ஜரிகை ஓரமெல்லாம் நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பதை) 9 எம்பிபிஎஸ் ஆக்குங்கள்.

பதில்: 9 வைத்தால் 4.7 ஜிபி தட்டில் அடங்காது அண்ணே, 5தான் தாங்கும். கோளாறும் அங்கே இல்லை. இன்டர்லேஸ் படத்தில் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு அரைப்படம் (ஃபீல்டு) மாறி மாறி வரும்; அதை அப்படியே சுருக்கினால் ஃபீல்டுகள் கலந்துவிடும். ஏவிஐசிந்த் (AviSynth) என்ற வீடியோ ஸ்கிரிப்ட் மென்பொருளில் கியூடிஜிஎம்சி (QTGMC) என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர் போட்டு நொடிக்கு 50 முழு ஃபிரேமாக்கி, 720x576-க்குச் சுருக்கி, மறுபடி இன்டர்லேஸ் செய்யுங்கள், மேல் ஃபீல்டு முதலில். மெதுவாகத்தான் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். அப்புறமும் துடித்தால் செங்குத்தாக லேசாக மங்கலாக்குங்கள். ஷார்ப்பன் பக்கமே போகாதீர்கள்.

கேட்டவர்: சரி, அரக்குப் புடவை நிறமும் மாறித் தெரிகிறதே?

பதில்: எச்டியின் 709 நிறக்கணக்கை டிவிடியின் 601-க்கு மாற்றவில்லை போல. சுருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.