பாடபேதம் பார்த்துப் பட்ட பாடு

போலிஷ் இலக்கியம் படித்த நாட்களில் ஒரு பேராசிரியரின் பதிப்பு வேலைக்கு எடுபிடியாகப் போனேன். நாடகம், வோய்ச்செஹ் போகுஸ்வாவ்ஸ்கியின் 'கிராக்கோவியர்களும் மலைநாட்டாரும்'. 1794 மார்ச் 1 அன்று வார்சாவில் மேடையேறியது. ரஷ்யப் படை நகருக்குள் இருந்த நேரம். மேலோட்டமாகப் பார்த்தால் கிராமத்துக் காதல் கூத்துதான்: மாவு ஆலைக்காரரின் மனைவிக்கு மூத்தாள் மகளின் காதலன் மேலேயே கண்; ஊராருக்கும் மலைநாட்டாருக்கும் சண்டை; பார்டோஸ் என்ற ஏழை மாணவன் மின்சாரக் கருவியால் 'அற்புதம்' காட்டி அடக்குகிறான். ஆனால் பாட்டுகளின் குத்தல் சனங்களுக்குப் புரிந்துவிட்டது. மூன்றே காட்சிகளோடு நிறுத்தினார்கள். அதே மாதம் 24இல் கிராக்கோவில் ரஷ்ய ஆதிக்கத்துக்கு எதிராகக் கொஷ்சியுஷ்கோவின் எழுச்சி தொடங்கியது.

சிக்கல் என்னவென்றால், ஆசிரியர் கைப்பட எழுதிய பிரதி இல்லை. 1820களில் அவர் தம் நாடகங்களைத் தொகுதிகளாக வெளியிட்டபோதும் இது சேரவில்லை. அச்சேறியது 1841இல், பெர்லினில்; அதற்குள் அவர் இறந்து 12 வருஷம். மிஞ்சியவை பிறர் எடுத்த படிகள். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது; அந்த வேறுபாடுகளைத்தான் பாடபேதம் என்பார்கள்.

முதல் வாரம், வேறுபாட்டையெல்லாம் 'படி எடுத்தவர் பிழை' என்று குறித்துத் தள்ளிக்கொண்டே போனேன். பேராசிரியர் ஒரு பாட்டைக் காட்டி, "சந்தம் எங்காவது இடிக்கிறதா, பாருங்கள்" என்றார். இடிக்கவில்லை. இயைபும் சுத்தம். பொருள் மட்டும் பரம சாதுவாக இருந்தது. கை தவறியவன் இவ்வளவு ஒழுங்காகவா தவறுவான்? யாரோ பயந்து மாற்றிய வரி. அப்புறம் என்ன, ஒரு வாரக் குறிப்புகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து!

*

உங்கள் பேராசிரியர் கதையைப் படித்தேன். எனக்கு நேர் எதிர். நான் பார்த்தது 1980களில் அச்சான ஓர் அங்கத நாடகம். போலந்தின் 1981 தணிக்கைச் சட்டத்துக்குப் பிறகு, தணிக்கையாளர்கள் வெட்டிய இடத்தை அச்சில் காட்ட முடிந்தது: சதுர அடைப்புக்குள் கோடுகள், பக்கத்திலேயே சட்டப் பிரிவின் எண். எங்கே வெட்டினோம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்! தணிக்கை அலுவலகத்தை 1990இல் மூடிவிட்டார்கள். அதன் கோப்புகள் வார்சாவில் நவீன ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நான் தேடிய வரி மட்டும் அகப்படவில்லை.

சரி, அந்தச் சாதுப் பாட்டைக் கடைசியில் எங்கே வைத்தீர்கள்?

*

அடிக்குறிப்பில். பாட்டு எட்டு வரி, குறிப்பு இரண்டு பக்கம்.