ஆயில் மாற்றிய பிறகு வேகமெடுக்காத கார்: அடுத்து என்ன செய்வது?

நண்பர்களுக்கு வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என்னுடையது 90,000 மைல் ஓடிய, சிவிடி (பல்சக்கரங்களுக்குப் பதிலாகக் கப்பிகளையும் சங்கிலியையும் கொண்டு வேகத்தை மாற்றும் தானியங்கி) கியர்பாக்ஸ் கொண்ட சுபாரு கார். கடந்த சனிக்கிழமை, வண்டியிலிருந்து இறங்காமலேயே 15 நிமிடத்தில் எஞ்சின் ஆயில் மாற்றித் தரும் கடை ஒன்றுக்குச் சென்றேன். அங்கிருந்து கிளம்பி 6 மைல் வந்ததும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சினின் இரைச்சல் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. பின்னால் நீலம் கலந்த புகையும் வந்ததால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன்.

சூடு ஆறிய பின் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தபோது, ஆயில் மேல்குறிக்கு 2 அங்குலம் மேலே நின்றது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் தனித்தனி வடிகால் திருகுகள் இருப்பதால், தவறானதைத் திறந்து கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துவிட்டு, பழைய ஆயில் அப்படியே இருந்த எஞ்சினுக்குள் புதியதையும் ஊற்றியிருப்பார்களோ என்று சந்தேகிக்கிறேன். ரசீதில் என்னவோ எல்லாத் திரவங்களும் சரிபார்க்கப்பட்டதாகவே அச்சிட்டிருக்கிறார்கள்.

சிவிடியின் சங்கிலி கப்பிகளை இறுகப் பிடிப்பதற்கு அந்த எண்ணெயின் அழுத்தமே ஆதாரம் என்பதால், அது இல்லாமல் ஓடியிருந்தால் அந்த 6 மைலில் நிரந்தரச் சேதம் ஏற்பட்டிருக்குமா? அளவு மீறிய ஆயிலால் எஞ்சின் சீல்களும், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரும் கெட்டிருக்குமா? கடைக்காரர் தாமே இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொண்டால் ஆதாரம் அழிந்துவிடுமோ என்று தயங்கி, வண்டியை இன்னும் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கிறேன். வேறொரு மெக்கானிக்கிடம் இழுவை வண்டியில் கொண்டுபோய் எழுத்துமூல அறிக்கை வாங்குவது உசிதமா? இத்தகைய இழப்பீட்டைப் பெற்ற அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.