சுவரில் 1864 எழுத்து இருக்கிறது, வெள்ளையடித்துவிட்டு விற்கச் சொல்கிறார்கள்

கல்பெப்பர் அம்மா:
வர்ஜீனியா, கல்பெப்பர் கவுண்டியில் எங்கள் வீடு. 1850களில் கட்டிய செங்கல் வீடு, 2003-ல் வாங்கினோம். வீட்டுக்காரர் தவறியபிறகு தனியாக இருக்கிறேன். மாடிப்படி ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை, ராலேயில் இருக்கும் மகள் வந்துவிடு என்கிறாள். விற்பதென்று முடிவாகிவிட்டது.

மாடி அறையில் ஈரம் இறங்கிப் பூச்சு உரிந்தபோது, அடியில் எழுத்து தெரிந்தது. பென்சிலில் ஒரு குதிரை, பாதி அழிந்த பெயர், ரெஜிமென்ட் எண், கீழே ஜனவரி 1864. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த அந்தக் குளிர்காலம் வடக்குப் படை இந்தக் கவுண்டி முழுக்கக் கூடாரமடித்துத் தங்கியிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, குளிருக்கு இந்த அறையில் ஒதுங்கியிருக்கிறான். அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க என் வீட்டுக்காரர் விட்டதில்லை.

ஏஜென்ட், "வெள்ளையடித்துவிடுங்கள், போர் நடந்த வீடு என்றால் வாங்க யோசிப்பார்கள்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. வாங்குகிறவர்கள் அதை அழிக்காமலிருக்க வழி உண்டா? தோட்டத்தில் கிடைத்த பீரங்கிக் குண்டு ஒன்றும் ஃபயர்பிளேஸ் மேல் இருக்கிறது. அதையும் வீட்டோடு கொடுத்துவிடலாமா?

ரிச்மண்ட்வாசி:
அம்மா, முதலில் அந்தக் குண்டு. இனி அதைத் தொடவே தொடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். 2008-ல் இங்கே செஸ்டரில், உள்நாட்டுப் போர்க் குண்டுகளைப் பல வருடமாகச் சேர்த்துவந்த ஒருவர், அப்படி ஒன்று வெடித்து வீட்டு வாசலிலேயே இறந்துபோனார். முழு இரும்பு உருண்டையென்றால் பயமில்லை. உள்ளே மருந்து அடைத்த ரகமென்றால் 160 வருடம் ஆனாலும் அது வெடிமருந்துதான். எது எதுவென்று பார்த்துச் சொல்வது நம் வேலையில்லை. அந்த அறையைப் பூட்டிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள். காரில் வைத்து எடுத்துப் போகிற வேலை மட்டும் வேண்டாம்.

பத்திரம் பார்ப்பவன்:
தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் வீடு இருந்தால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சொந்தப் பணத்தில் வீட்டை மாற்றுகிற தனியாரை அது தடுக்காது. தடுப்பது ஈஸ்மென்ட் பத்திரம், அதாவது இன்னின்னதை மாற்றக்கூடாது என்று சொத்தோடு கட்டிப்போடும் ஒப்பந்தம். மாநில வரலாற்று வளத் துறையிடம் கேளுங்கள். ஒருமுறை பதிவாகிவிட்டால் வீடு எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும். உள்சுவரும் சேர்த்தியென்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடலாம். மாதக்கணக்கில் ஆகும். வாங்க வருகிறவர்களும் குறைவார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. விற்றபிறகு நீங்கள் இதைச் செய்ய முடியாது, கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டும்.

சுண்ணாம்புக்காரன்:
ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது பார்த்தார்களா? அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுவர் குடித்த தண்ணீரைச் செங்கல்களுக்கு நடுவிலிருக்கும் அந்தச் சாந்து இணைப்பு வழியாகத்தான் வெளியே விடும். பிற்பாடு யாராவது இணைப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி, செங்கல் முகம் பொரிந்து, உள்பூச்சும் கழன்றுவிடும். பத்திரம் எழுதி என்ன, பூச்சே விழுந்தால் குதிரையும் போய்விடும்.

எழுத்து இன்னும் இருக்கிறதா என்று நீங்களே சுரண்டிப் பார்க்காதீர்கள். 1978-க்கு முந்தைய வீடு, பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்ததை வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதும் சட்டம். உங்கள் கவுண்டியிலேயே பிராண்டி ஸ்டேஷனில் 'கிராஃபிட்டி ஹவுஸ்' இருக்கிறது. 1858-ல் கட்டிய வீடு, 1993-ல்தான் அதன் சுவர் எழுத்துகள் வெளியே வந்தன. எப்படிக் காப்பாற்றினார்கள் என்று அங்கே போய்க் கேளுங்கள்.

கல்பெப்பர் அம்மா:
போலீஸ் வந்து குண்டை எடுத்துப் போய்விட்டார்கள். இருபது வருடம் பேரப்பிள்ளைகளை அதன் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்திருக்கிறேன், நினைத்தால் கை நடுங்குகிறது.

மாடி அறையின் வெளிச்சுவரைப் போய்ப் பார்த்தேன். கெட்டியான சாம்பல் நிறம், சிமென்டேதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் புதன்கிழமை வருகிறார். விற்பனைப் பலகையை வசந்தத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன், ஏஜென்டுக்கு வருத்தம்தான். அதற்குள் பத்திர வேலையைத் தொடங்குகிறேன். ரெஜிமென்ட் எண்ணை வைத்து அந்தப் பையன் பெயரைத் தேசிய பூங்காத் துறையின் படைவீரர் பட்டியலில் தேடிக்கொண்டிருக்கிறாள் மகள். முதலெழுத்து ஜே என்பது வரைக்கும் படிக்க முடிகிறது.