ஆயிரம் பாட்டு கையில் இருந்தும் அப்பா ஒன்றையும் முழுதாகக் கேட்பதில்லை

கடலோரம் எழுதியது:

வணக்கம், கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. அம்மா போன பிறகு அவரை ஊரில் தனியே விட மனமில்லாமல் போன தைப்பொங்கலோடு வெள்ளவத்தைக்குக் கூட்டி வந்துவிட்டோம். தொடர்மாடியில் நாலாம் மாடி, இரண்டு அறை. நானும் இவரும் காலையில் வேலைக்குப் போனால் திரும்பி வர ஆறரை ஆகிவிடும். ஊரில் என்றால் வளவு, கிணற்றடி, சந்திக் கடை, கோயில் என்று அவருடைய நாள் தானாகவே ஓடும். இங்கே பல்கனியில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு ரயில் போவதையும் கடலையும் பார்ப்பதோடு சரி.

அவர் எப்பேர்ப்பட்ட ரசிகர் என்று சொன்னால்தான் என் கவலை விளங்கும். 90களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, நானும் தம்பியும் மாறி மாறிப் பெடலைச் சுற்ற, அப்பா ரேடியோவில் பாட்டுக் கேட்பார். கை தளர்ந்தால் பாட்டும் தேயும். "இன்னும் ஒரு சரணம்தான், சுத்து பிள்ளை" என்பார். அப்படிக் கேட்ட மனிதர்.

இப்போது டேப்லெட் இருக்கிறது, நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, மாதக் கட்டணம் கட்டி எடுத்த ஆப்பில் அவருக்குப் பிடித்த 50கள், 60கள் பாட்டெல்லாம் இருக்கிறது. ஆனால் பல்லவி முடிவதற்குள் நிறுத்திவிட்டு "பிறகு கேட்பம்" என்கிறார். படம் போட்டால் அரை மணித்தியாலத்தில் நித்திரை. ஒரு ஞாயிறு, புதிய தியேட்டர் ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். குளிரும் சத்தமும் தாங்காமல் இடைவேளையோடு எழும்பி வந்துவிட்டார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை, எங்களுடைய காசு வீணாகிப்போனதே என்ற யோசனை அவருக்கு.

எனக்குக் கிடைப்பது இரவில் ஒரு மணித்தியாலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். அதை அவரோடு பாட்டிலும் படத்திலும் கழிக்க ஆசை. வயதான அப்பா அம்மாவோடு இருக்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

மகள், உங்கள் அப்பாவை விட நான் ஐந்தாறு வயதுதான் இளையவன், அதனால் அவர் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். அவருக்குப் பாட்டு அலுத்துப்போகவில்லை. அறிவிப்பாளர் இல்லை, அதுதான் குறை.

நாங்கள் பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. வந்ததைக் கேட்டோம், பிடித்தது எப்போது வரும் என்று காத்திருந்து கேட்டோம். 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய வானொலி இது. அதன் தமிழ் வர்த்தக சேவையைக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று ஒரு குரல் முன்னால் வரும், பாட்டு பின்னால் வரும். படத்தின் பெயர், பாடியவர்கள், இசை, பாடலாசிரியர், அப்புறம் விரும்பிக் கேட்டவர்களின் ஊரும் பெயரும். நான் நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டுப் போட்டு, கடைசியில் ஒருநாள் என் பெயர் போனபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். பின்னேரம் வந்து ஒழுங்கையில் கால் வைக்க, நாலு வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார்கள். அந்தப் பாட்டை இன்று எத்தனை தரமும் போடலாம், ஆனால் அந்தப் பின்னேரம் போல இல்லை.

டேப்லெட்டைக் கையில் கொடுத்தால், எதைப் போடுவது என்று யோசிக்கிற வேலை அவர் தலையில் விழுகிறது. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணித்தியாலம், ஆறு பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். தினமும் அதே நேரம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நீங்களே அறிவிப்புச் செய்யுங்கள், வெட்கப்படாதீர்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டில் மூன்று பேர் இருந்தால் ஞாயிறு இரவில் பாட்டுக்குப் பாட்டும் விளையாடலாம். ஒருவர் முடித்த எழுத்தில் மற்றவர் தொடங்க வேண்டும், பழைய பாட்டு மட்டும் என்று சட்டம் போடுங்கள். அப்பா உங்கள் இரண்டு பேரையும் தோற்கடிப்பார், நான் எழுதித் தருகிறேன்.

சின்னஸ்பீக்கர் எழுதியது:

அக்கா, நான் கேட்டல் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை செய்கிறேன். ஐயா சொன்னது சரி, ஆனால் காதையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள் கேட்கும் திறன். ச, ஷ, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி அங்கேதான் இருக்கிறது. அதனால் பாட்டின் மெட்டுக் கேட்கும், வார்த்தை குழம்பும். வார்த்தைக்காகப் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு அது பெரிய சோர்வு, அவர்களுக்கே காரணம் தெரியாமல் "பிறகு கேட்பம்" என்று விடுவார்கள். சத்தத்தைக் கூட்டினால் தீராது, ஏனென்றால் அடித்தொனியும் சேர்ந்து கூடி வார்த்தையை இன்னும் மூடிவிடும். தியேட்டரில் அவருக்கு நடந்ததும் அதுவாக இருக்கலாம்.

பெரிய ஸ்பீக்கரை ஹோலின் மூலையில் வைக்காமல் சின்னதாக ஒன்றை அவருடைய கதிரைக்குப் பக்கத்தில், காது உயரத்தில் வையுங்கள். பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டுங்கள். படம் என்றால் தமிழ்ப் படத்துக்கும் தமிழ் எழுத்து போடுங்கள், இருந்தால். காதில் குறும்பி அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஒருதரம் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

ரேடியோவே வேண்டும் என்று அவர் கேட்டால் அதையும் வாங்கிக் கொடுங்கள். மத்திய அலை கேட்பதென்றால் யன்னலோரம் வையுங்கள், கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அலையைத் தடுக்கும். சார்ஜர், எல்ஈடி பல்ப் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் வரும். ரேடியோவைச் சற்றுத் திருப்பிப் பார்த்தாலே சில நேரம் தெளிவாகிவிடும்.

பழைய ஒப்பரேட்டர் எழுதியது:

பாட்டைப் பற்றி இவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். கொழும்பில் இரண்டு தியேட்டரில் இருபது வருடத்துக்கு மேல் படம் ஓட்டியவன்.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படம் 16,000 அடி வரும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும், கணக்குப் பாருங்கள், மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட. 1,000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம். இரண்டு மெஷின் வைத்து மாறி மாறி ஓட்டுவோம். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னும், உடனே மற்ற மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாவது வட்டம் மின்ன மாற்ற வேண்டும். சனத்துக்கு ஒன்றும் தெரியாது, எங்களுக்கு அந்த ஏழெட்டு விநாடியும் மூச்சு நிற்கும். உங்கள் அப்பா அந்த வட்டத்தைக் கட்டாயம் கண்டிருப்பார், கேட்டுப் பாருங்கள், கதைக்க ஒரு வழி கிடைக்கும்.

சொல்ல வந்தது இதுதான். அந்தப் படங்கள் ஒரே மூச்சில் பார்ப்பதற்கு எடுத்தவை இல்லை. இடைவேளை என்பது கதைக்குள்ளேயே இருக்கும், அந்த இடத்தில் ஒரு முடிச்சைப் போட்டுத்தான் விளக்கைப் போட விடுவார்கள். ஆகவே வீட்டிலும் இடைவேளை விடுங்கள். சனி இரவு முதல் பாதி, ஞாயிறு மற்றப் பாதி. நடுவில் ஒரு நாள் முழுக்க அவருக்கு மனதில் கதை ஓடும், நீங்கள் தேத்தண்ணீர் ஊற்றும்போது "அவன் திரும்பி வருவானா" என்று அவரே கேட்பார். அரை மணித்தியாலத்தில் நித்திரை கொள்கிறார் என்றால் இரவு எட்டு மணிக்குப் பிறகு போடாதீர்கள், ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள்.

தியேட்டரை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்து சவோய் நடந்து போகும் தூரம்தானே. லீவு எடுக்க முடிந்தால் வார நாளில் பகல் காட்சிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. பக்கச் சுவர் ஸ்பீக்கருக்குக் கிட்ட இருக்காமல் நடுவில், பின்வரிசையில் இடம் எடுங்கள். ஒரு ஸ்வெட்டரும் சால்வையும் கொண்டுபோங்கள், சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டால் குளிரும் தெரியாது, சத்தமும் கொஞ்சம் அடங்கும்.

இன்னொன்று. எம்.ஜி.ஆர், சிவாஜி மட்டும் காட்டாமல் எங்கள் படத்தையும் தேடிக் காட்டுங்கள். கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா 1972 இல் தயாரித்த குத்துவிளக்கு, தர்மசேன பத்திராஜா 1977 இல் எடுத்த பொன்மணி. பத்திராஜா சிங்களவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம். ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை 1983 ஜூலையில் எரித்தார்கள், நாங்கள் கைபட்டுப் பார்த்த எத்தனையோ சுருள் அப்படியே போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும். மிஞ்சியதைப் பார்க்க வேண்டியவர்கள் உங்கள் அப்பா போன்றவர்கள்தான். படம் கீறலாக இருக்கும், பரவாயில்லை. அவருடைய காலத்து யாழ்ப்பாணத்தை அவர் அதற்குள் பார்ப்பார்.

தம்புரா எழுதியது:

தங்கச்சி, மேலே எல்லோரும் அவரை வீட்டுக்குள் வைத்தே யோசிக்கிறீர்கள் (சவோய் தவிர). அவருக்குப் பாட்டை விட, பாட்டைப் பற்றிக் கதைக்க ஆள்தான் தேவை என்று நினைக்கிறேன். நாலாம் மாடியில் அது கிடைக்காது.

கொழும்புத் தமிழ்ச் சங்கம் உங்கள் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, 1942 இல் தொடங்கியது, நூலகமும் உண்டு. பகலில் அங்கே போய்ப் பேப்பர் பார்க்கிற பெரியவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். ஒருநாள் நீங்கள் கூட்டிப்போய் விட்டால் மறுநாள் அவரே போவார். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் கச்சேரி, அரங்கேற்றம் என்று அடிக்கடி நடக்கும், அழைப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு போகலாம். சுவாமி விவேகானந்த கலாசார நிலையத்திலும் நிகழ்ச்சிகள் வைக்கிறார்கள். ஆடிவேல் வந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். செட்டியார் தெருவில் இருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வரும்போது காலி வீதியில் நின்று நாதஸ்வரமும் தவிலும் கேட்பதற்கு ஈடாக எந்த ஸ்பீக்கரும் இல்லை. யாழ்ப்பாணத்துக் காது அது, தவில் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும்.

முதல்நாள் கச்சேரியில் பக்கவாத்தியத்தோடு ஒரு மணித்தியாலம் இருந்தால் போதும். முழுக்க இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

மூன்றாம் ஒழுங்கை எழுதியது:

எங்கள் அம்மாவுக்கும் இதே நிலைதான். நான் செய்த பிழை, அவவுக்கு என்று போட்டுவிட்டு நான் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அது அவவுக்கு உடனே தெரிந்துவிடும். போனை வேறு அறையில் வைத்த அன்றைக்குத்தான் அவ முதல்முறை ஒரு படத்தை முடித்தா.

கடலோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து வந்து எழுதுகிறேன்.

முதலில் காதைக் காட்டினோம், இரண்டு பக்கமும் குறும்பி அடைத்திருந்தது. எடுத்த அன்று வெளியே வந்ததும் "பஸ் இவ்வளவு சத்தமா போகுது" என்றார். சின்ன ஸ்பீக்கரைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று.

அறிவிப்பு ஏழரை மணிக்கு. முதல் இரவு எனக்குக் குரல் நடுங்கியது. மூன்றாவது பாட்டை "இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி" என்று சொல்லிவிட்டுப் போட, அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "பிள்ளை, அவை 65 இல பிரிஞ்சிட்டினம். இது பிறகு வந்த படம், விஸ்வநாதன் தனிய." அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவர்தான் கதைத்தார், மற்ற மூன்று பாட்டும் போடவே இல்லை. இப்போது நான் வேலைக்குப் போக முன்னமே அன்றைக்கான விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறேன், பஸ்ஸில் படித்துப் பழகுகிறேன்.

போன வெள்ளி வந்து பார்த்தால் மேசையில் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அவருடைய எழுத்தில் ஒரு நேயர் விருப்பம். பாட்டின் பெயர், படம், கீழே விரும்பிக் கேட்பவர் என்று அம்மாவின் பெயரும் எங்கள் ஊரும். வாசித்தேன். இவர் எழும்பி ஹோல் லைட்டை அணைத்துவிட்டு வந்து இருந்தார்.

தம்புரா அக்கா, சங்கத்து நூலகத்துக்கு இரண்டு தரம் தானாகவே போய்விட்டார், லிஃப்ட் பழுதான நாளும் படியால் இறங்கிப் போயிருக்கிறார், அதற்கு மட்டும் ஏசினேன். ஒப்பரேட்டர் ஐயா, வட்டத்தைக் கேட்டேன், "அதைக் கண்டா பின்னால திரும்பி மெஷின் அறையைப் பார்ப்பம்" என்றார். பொன்மணி ஒரு பிரதி கிடைத்திருக்கிறது. நேற்று இடைவேளை வரைக்கும் பார்த்தோம், மிச்சம் இன்று பகல். சோறு அடுப்பில் இருக்கிறது, அவர் இப்போதே கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிறார். போகிறேன்.