பழைய டூ-ஸ்ட்ரோக்கா, புது ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

புதுத்துடுப்பு:
கிளப் ரேஸுக்கு 15 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகு பின்னாடி மாட்டற இன்ஜின்) வாங்கணும். பழைய ரெண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் (பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓடறது) மலிவா வருது. புதுசு ஃபோர்-ஸ்ட்ரோக்னா (ஆயில் தனியா இருக்கறது) தலைவலி இல்லைங்கறாங்க. எது எடுக்கலாம்?

கார்ப்கிறுக்கன்:
முதல்ல உங்க ரேஸ் வகுப்பு விதியில எது செல்லும்னு பாருங்க. அடுத்தது எடை. இந்த அளவுல டூ-ஸ்ட்ரோக் 36 கிலோ சுமார், ஃபோர்-ஸ்ட்ரோக் பலதும் 45-50. கூடுதல் எடை முழுக்க டிரான்ஸம்லதான் (படகோட பின்பலகை) தொங்கும், சின்னப் படகு மூக்கைத் தூக்கித் தூக்கிக் குத்தும்.

பழசுன்னா கம்ப்ரெஷன் (சிலிண்டர்ல ஏற்ற அழுத்தம்) பார்க்காம காசு நீட்டாதீங்க. ரெண்டு பிளக்கையும் கழட்டி, ஸ்பார்க் ஒயரை எர்த் பண்ணி, பிளக் துளையில கம்ப்ரெஷன் கேஜ் மாட்டி, த்ராட்டில் முழுசா திறந்து ஸ்டார்ட்டர் கயிறை இழுங்க. சிலிண்டர்களுக்குள்ள 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம்னா ரிங் போயிருக்கும், இல்ல சுவர் கீறியிருக்கும். ஆனா கம்ப்ரெஷன் சரியா இருந்தும் கிராங்க் சீல் (கிராங்க் தண்டு முனையில காத்து புகாம அடைக்கற ரப்பர் வளையம்) காய்ஞ்சிருக்கலாம். அது வழியா காத்து புகுந்தா கலவை லீன் ஆகி (காத்து கூடி, பெட்ரோல் குறைஞ்சு), முழு வேகத்துல பிஸ்டன் பிடிச்சுக்கும். எத்தனால் பெட்ரோல்ல பழைய பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் (பம்புக்குள்ள இருக்கற மெல்லிய சவ்வு) ஊறிப்போகும், யோசிக்காம மாத்திடுங்க.

அலைமேல்:
படகு கவிழ்றதையும் கணக்குல வைங்க. டூ-ஸ்ட்ரோக்னா பிளக்கைக் கழட்டி, துளை கீழ பார்க்கத் திருப்பி, தண்ணிய வெளியேத்தி, ஆயில் கலந்த பெட்ரோல் கொஞ்சம் விட்டு உடனே ஸ்டார்ட் பண்ணலாம். ஃபோர்-ஸ்ட்ரோக்ல இன்ஜின் அடியில இருக்கற கிராங்க்கேஸ் ஆயிலும் தண்ணி கலந்து பால் நிறமாயிடும். ரெண்டு மூணு தடவை மாத்தணும். அன்னிக்கு ரேஸ் அவ்வளவுதான்.

புதுத்துடுப்பு:
ஆயிலைக் கூட்டி ஊத்தினா பழசு தாங்குமா?

கார்ப்கிறுக்கன்:
பெட்ரோல்-ஆயில் விகிதம் 50:1-லிருந்து 25:1 போனா பேரிங்குக்கு நல்லதுதான். ஆனா கார்புரேட்டர்ல அதே ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கற சின்ன துளை) வழியா பெட்ரோல் குறைவா போகும், கலவை கொஞ்சம் லீன் ஆகும். பிளக் நிறம் பார்த்து ஜெட்டை மாத்துங்க.