கடல், உயிரியல் ரெண்டையும் காசில்லாம கத்துக்க எங்க ஆரம்பிக்கறது?

ஆழிமுத்து:
எல்லாருக்கும் வணக்கம். நான் படிச்சது அக்கவுண்ட்ஸ், பயாலஜி பத்தாங்கிளாஸோட முடிஞ்சுது. இப்ப கொஞ்ச மாசமா கடல் உயிரினங்க மேல ஆர்வம் தலைக்கேறி, ராத்திரி ஒரு ஆழ்கடல் வீடியோவாவது பாக்காம படுக்கறதில்ல. ஆனா பாத்து முடிச்சா மனசுல ஒண்ணும் நிக்கல, அழகா இருக்குன்னு தோணுது, அவ்ளோதான், அது என்ன உயிரினம், எத தின்னு அந்த இருட்டுல வாழுதுன்னு யாராவது கேட்டா பதில் தெரியல. தேடினா நீள நீளமா லிஸ்ட் வருது, எல்லாத்தையும் புக்மார்க் பண்ணி வெச்சிருக்கேன், ஒண்ணையும் முழுசா பாக்கல. நீங்க நெஜமாவே யூஸ் பண்றது எது, எப்படி யூஸ் பண்றீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

செங்கடம்பு:
லிஸ்ட்ட மொதல்ல ஓரமா வைங்க. ஒரே ஒரு உயிரினத்த புடிச்சுக்கிட்டு அது பின்னாடியே போங்க, தேவையான சைட் எல்லாம் வழியிலயே வந்து சேரும். நான் ஆக்டோபஸ்ல ஆரம்பிச்சேன். நாட்டிலஸ் லைவ்னு ஒரு சைட் இருக்கு, 1985ல டைட்டானிக்க கண்டுபிடிச்ச பயணத்துல இருந்த ராபர்ட் பல்லார்ட் ஆரம்பிச்ச ட்ரஸ்ட்டோடது. கப்பல் கடல்ல இருக்கற நாட்கள்ல ரோபோ கீழ எறங்கறத நேரலையா காட்டுவாங்க, நாம கேள்வி டைப் பண்ணி அனுப்பலாம், அங்க உக்காந்திருக்கற விஞ்ஞானிங்களே பதில் சொல்லுவாங்க. இவங்கதான் 2018ல கலிஃபோர்னியா கரைக்கு அப்பால டேவிட்சன் கடல்மலை அடிவாரத்துல, சுமார் 3,200 மீட்டர் ஆழத்துல, ஆயிரத்துக்கும் மேல ஆக்டோபஸ்ங்க கூட்டமா இருக்கறத பாத்தாங்க, பெரும்பாலும் முட்டைய அணைச்சுக்கிட்டு தலைகீழா உக்காந்திருக்கற தாய்ங்க.

ஏன் அந்த எடத்துலயே கூடுதுங்க? இதுக்கு எம்பாரிங்கற (MBARI) கடல் ஆராய்ச்சி நிலையத்தோட யூடியூப் சேனல் பாருங்க. சுத்தி இருக்கற தண்ணி 1.6 டிகிரிதான், ஆனா பாறை இடுக்குல கசியற தண்ணி கிட்டத்தட்ட 11 டிகிரி வரைக்கும் இருக்கு. அந்த குளிர்ல பொரிய அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும்னு நெனச்ச முட்டைங்க இங்க ரெண்டு வருஷத்துக்குள்ள பொரிஞ்சுடுது. அத தெரிஞ்சுக்கிட்டு மறுபடி வீடியோவ பாத்தேன், ஒவ்வொரு தாயும் கைகள பின்னாடி சுருட்டி முட்டைய மூடி வெச்சிருக்கறது கண்ணுக்கு வேற மாதிரி தெரிஞ்சுது.

இன்னொண்ணு, ரோபோ வீடியோல ரெண்டு லேசர் புள்ளி பக்கத்து பக்கத்துல தெரியும், பல ரோபோக்கள்ல அதுக்கு நடுவுல 10 செ.மீ. இருக்கும். அத வெச்சு எந்த உயிரினமும் எவ்ளோ பெருசுன்னு நீங்களே கணக்கு போடலாம்.

மருதன்:
செங்கடம்பு அக்கா சொன்னதுதான் நல்ல வழி, ஆனா அடிப்படை இல்லாம வெறும் வீடியோவா பாத்தா ஒரு எடத்துல கண்டிப்பா முட்டும். சூடு கூடினா முட்டை ஏன் சீக்கிரம் பொரியுதுன்னு கேட்டா, செல்லுக்குள்ள என்சைம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்ல. அதுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் போங்க, ரைஸ் யுனிவர்சிட்டியோடது, முழு பாடப்புத்தகமே பிடிஎஃப்பா இலவசம். "பயாலஜி"னு இருக்கற பெரிய புத்தகத்த எடுக்காதீங்க, அது அந்த பாடத்தையே மெயினா படிக்கறவங்களுக்கு. "கான்செப்ட்ஸ் ஆஃப் பயாலஜி"ன்னு ஒண்ணு இருக்கு, சயின்ஸ் மெயினா எடுக்காதவங்களுக்குன்னே எழுதினது. மொத பக்கத்துல இருந்து படிக்கணும்னு அவசியமே இல்ல, வீடியோல எங்க முட்டுதோ அந்த சாப்டர மட்டும் படிங்க. படிச்சும் புரியலன்னா அதே தலைப்ப கான் அகாடமிங்கற இலவச பாட வீடியோ சைட்ல பாருங்க.

பேர் விஷயத்துல கவனம். வீடியோல சொல்ற அறிவியல் பேர வோர்ம்ஸ்ங்கற (WoRMS) கடல் உயிரினப் பதிவேட்டுல போட்டுப் பாருங்க, பழைய பேரா இருந்தா இப்ப ஏத்துக்கிட்ட பேர் எதுன்னு காட்டிடும். மீன்னா ஃபிஷ்பேஸ், எவ்ளோ ஆழம், என்ன சாப்பாடு எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கும்.

வானம்பாடி:
நான் கொஞ்சமா சொல்றேன். காதுக்கும் ஒண்ணு வெச்சுக்கோங்க, கடல் சத்தங்கள கேக்கறதுக்கான சைட், பேர் டிஸ்கவரி ஆஃப் சவுண்ட் இன் தி சீ. ஃபின் திமிங்கலத்தோட குரல் 20 ஹெர்ட்ஸ் பக்கத்துல, நம்ம காதுக்கு எட்டற எல்லையிலயே இருக்கறதால வேகத்த கூட்டித்தான் கேக்க முடியும். ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க.

ஆழிமுத்து:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா சொன்ன மாதிரியே ஒண்ண புடிச்சேன், வேம்பயர் ஸ்க்விட். பேர பாத்து ரத்தம் குடிக்கும்னே நெனச்சிருந்தேன், எம்பாரி வீடியோல பாத்தா மேல இருந்து தூசி மாதிரி விழற மெரைன் ஸ்னோவ (செத்த உயிரினங்களோட துணுக்கு, கழிவு எல்லாம் சேந்தது) நீளமான ஒரு இழையில புடிச்சு, வழவழன்னு உருட்டி சாப்பிடுது!! வோர்ம்ஸ்ல போட்டா ஆக்டோபஸும் இல்ல ஸ்க்விட்டும் இல்ல, தனி வரிசையில இருக்கு. ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்கற தண்ணியிலதான் வாழுதுன்னும் படிச்சேன். மேலயும் ஆக்சிஜன் இருக்கு, ரொம்ப கீழயும் இருக்கு, நடுவுல மட்டும் ஏன் கம்மியாகுது?

மருதன்:
சூப்பர் கேள்வி. மேல் தண்ணிக்கு காத்துல இருந்தும் மிதக்கற பாசிகிட்ட இருந்தும் ஆக்சிஜன் கெடைக்குது. நடுவுல வெளிச்சமும் இல்ல, காத்தும் தொடல, ஆனா நீங்க சொன்ன அதே மெரைன் ஸ்னோவ பாக்டீரியா மக்க வைக்கறப்ப இருக்கற ஆக்சிஜன தின்னுடுது. அடியில இருக்கற தண்ணி துருவப் பக்கம் குளிர்ந்து ஆக்சிஜனோட எறங்கி வந்தது, அதனால அங்க திரும்ப கூடுது.

இத நம்பரா பாக்கணும்னா ஆர்கோ மிதவைங்க டேட்டா பாருங்க, எல்லாமே இலவசம். உலகம் பூரா கிட்டத்தட்ட 4,000 மிதவை, 1,000 மீட்டர் ஆழத்துல மிதந்துட்டு இருந்து, 10 நாளுக்கு ஒரு தடவ 2,000 மீட்டர் வரைக்கும் எறங்கி, மேல வர வழியெல்லாம் வெப்பமும் உப்பும் அளந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பும். சிலதுல ஆக்சிஜன் சென்சாரும் உண்டு. அந்த கிராஃப் ஒண்ண தெறந்து ஆக்சிஜன் கோடு எந்த ஆழத்துல கம்மியாகி சைபர் பக்கம் போகுதுன்னு பாருங்க, 600 மீட்டருக்கு கீழ பாத்தா உங்க வேம்பயர் ஸ்க்விட் வீடு அங்கதான்.

ஆழிமுத்து:
தெறந்துட்டேன். பசிஃபிக்ல ஒரு மிதவை, 700 மீட்டர் கிட்ட ஆக்சிஜன் கோடு அப்படியே சைபர் பக்கத்து ஓரமா ஒட்டிக்கிட்டு போகுது.