ஆய்வகத்தில் மில்லிலிட்டரைத் தவறவிட்ட கதைகள்

பள்ளி ஆய்வகத்தில் திரவத்தை அளக்கப் போய் ஏமாந்த கதை எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். என்னுடையதைச் சொல்லித் தொடங்கிவைக்கிறேன், அப்புறம் நீங்கள் தொடருங்கள்.

தரம் பார்த்தல் சோதனை, அதாவது ஒரு கரைசலைச் சரிக்கட்ட இன்னொரு கரைசல் எவ்வளவு வேண்டும் என்று அளப்பது. பியூரெட்டில் (எண்கள் மேலிருந்து கீழே ஏறும், அடியில் திருகு வைத்த நீள அளவுக் குழாய்) அமிலம். கூம்புக் குடுவையில் 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு, நிறம் மாறி முடிவைக் காட்ட இரண்டு சொட்டு பினாப்தலீன். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் 19.6 வந்தது. அளவு ஒத்துப்போய்விட்டது என்ற மிதப்பில் நோட்டை நீட்டினேன். அந்தக் கரைசலுக்கு வரவேண்டியது 20.0. "மூணு தடவையும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கே. இன்னொரு தடவை செய், பார்க்கிறேன்" என்றார் ஆசிரியர்.

அவர் பியூரெட்டைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாங்கி மேசைமேல் இருந்ததால் 0 என்ற சுழிக் குறி என் நெற்றிக்கு மேலே, 20 என்ற குறி தாடைக்குக் கீழே. நிரப்பும்போது அண்ணாந்து பார்த்துச் சுழிக்குக் கொண்டுவந்தேன். முடிவில் குனியச் சோம்பல்பட்டு, நின்ற வாக்கிலேயே கண்ணைத் தாழ்த்திப் படித்தேன்.

திரவத்தின் குழிந்த மேற்பரப்பான பிறைத்தளத்தின் அடி குழாயின் நடுவில் இருக்கிறது, கோடுகளோ முன்பக்கக் கண்ணாடியில். இடையில் அரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. கீழேயிருந்து பார்க்கும் கண்ணுக்கு மட்டம் ஒன்றிரண்டு கோடு இறங்கித் தெரியும், மேலேயிருந்து பார்த்தால் ஏறித் தெரியும். ஆக, நான் சுழி என்று நினைத்தபோது திரவம் இரண்டு கோடு மேலே நின்றிருக்கிறது. 19.8இல் நின்றதை 19.6 என்று படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் 0.2, 0.2 என்று போய்விட்டது.

ஆசிரியர் தாங்கியைத் தூக்கி ஒரு முக்காலிமேல் வைத்தார். பாதி கறுப்புத் தாள் ஒட்டிய வெள்ளை அட்டையைப் பியூரெட்டுக்குப் பின்னால், கறுப்பு விளிம்பு பிறைத்தளத்துக்குச் சற்றுக் கீழே வருமாறு பிடித்தார். அதுவரை கலங்கலாகத் தெரிந்த வளைவின் அடி, மையால் இழுத்த கோடு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அந்த முறை 20.05.

* * *

பல வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தவன் நான். கண் பிழையைவிடக் குமிழிப் பிழையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். குழாய்த் திருகுக்குக் கீழே, அந்த மூக்குப் பகுதியில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும். பாதியில் குமிழி வெளியேறினால் அந்த இடத்தைத் திரவம் நிரப்பிக்கொள்ளும். குடுவைக்குள் விழாத திரவத்தையும் சேர்த்து நாம் கணக்கு எழுதிவிடுவோம். தொடங்கும் முன்பே திருகை முழுக்கத் திறந்து வேகமாகக் கொஞ்சம் ஓடவிட்டால் குமிழி போய்விடும். இதை ஒவ்வொரு வருடமும் சொல்வேன், ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் மறப்பார்கள்.

அடுத்தது புனல். ஒரு மாணவன் ஓடிவந்து, "சார், பியூரெட்ல அளவு ஏறுது" என்றான். போய்ப் பார்த்தால் உண்மைதான், திருகை மூடி வைத்திருந்தும் அரைக் கோடு ஏறியிருக்கிறது. நிரப்பிய புனலை எடுக்காமல் விட்டிருந்தான். அதன் காம்பில் தொங்கிய சொட்டு உள்ளே விழுந்திருக்கிறது. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மி.லி., அதாவது சரியாக அந்த அரைக் கோடு. இவ்வளவு கூர்மையாகக் கவனித்தவனைத் திட்ட மனசு வரவில்லை.

வாயால் பிப்பெட்டை (குறித்த அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் குழாய்) உறிஞ்சிய காலத்தையும் பார்த்திருக்கிறேன். சோடியம் ஹைட்ராக்சைடு நாக்கில் பட்டால் சோப்பை நக்கினாற்போல் வழுவழுக்கும். அந்த வழுவழுப்பு, தோலே கரையத் தொடங்குவதால் வருவது. உறிஞ்ச ரப்பர்க் குமிழ் இல்லாவிட்டால் பிப்பெட்டைத் தொடாதீர்கள்.

* * *

நான் நடுநிலை வகுப்பு ஆசிரியை. எங்களுக்கு பியூரெட் எல்லாம் தூரம், அளவுசாடியோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருக்கும். கண்மட்டத்தில் பார் என்று சொன்னால், பிள்ளைகள் சாடியைக் கையில் தூக்கி முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். கண் சரியான இடத்தில்தான் இருக்கும், சாடிதான் சாய்ந்திருக்கும். மேசைமேல் வைத்துவிட்டு நாம் குனிய வேண்டும் என்பதை முட்டிபோட்டுச் செய்து காட்டிய பிறகுதான் புரிந்தது.

மேலே சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை: அளவுசாடியில் எண்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. அதனால் மேலேயிருந்து பார்த்தால் பியூரெட்டில் குறைவாகப் படிப்போம், சாடியில் கூடுதலாகப் படிப்போம்.

ஒருமுறை 8 மி.லி. தண்ணீர் எடுக்கச் சொன்னேன். ஒரு குழு 100 மி.லி. சாடியில் எடுத்தது, இன்னொன்று 10 மி.லி. சாடியில், மூன்றாவது குழு பீக்கரின் கோடுகளை நம்பியது. பீக்கர் கோடுகள் குத்துமதிப்புக்குத்தான், 5 சதவீதம் அப்படி இப்படி இருக்கும். பெரிய சாடியில் ஒரு கோடே 1 மி.லி. என்பதால் அரைக் கோடு பிசகினாலும் 8இல் அது பெரிய பங்கு. மூன்றையும் ஒரே மாதிரிச் சோதனைக்குழாய்களில் ஊற்றி வரிசையாக நிறுத்தினேன். மட்டங்கள் படிக்கட்டு மாதிரி நின்றன. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போது ஒரு சிறுமி, "இந்தச் சாடியில குழியே இல்லையே, டீச்சர்" என்றாள். அது பிளாஸ்டிக் சாடி. தண்ணீர் கண்ணாடியில் ஒட்டி ஏறுவதுபோல் பிளாஸ்டிக்கில் ஏறாது, மேற்பரப்பு ஏறக்குறையத் தட்டையாகவே நிற்கும். எனக்கே அன்றுதான் அது கண்ணில் பட்டது.

* * *

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை யாரும் சொல்லவில்லையே! அந்த ஊதா நிறத்தில் வளைவின் அடி தெரியவே தெரியாது. அடியைத்தான் படிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்த நான், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினேன். அடர் நிறக் கரைசலுக்கு மேல் விளிம்பைப் படிக்கலாம், தொடக்கத்திலும் முடிவிலும் அதையே படித்தால் கழித்தல் சரியாக வந்துவிடும் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

* * *

பிப்பெட் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊத வேண்டுமா, கூடாதா என்று எனக்கும் என் மேசைத் தோழிக்கும் ஒரு வாரம் சண்டை. மீதம் வைத்தால் 20 மி.லி. எப்படி முழுசாகும் என்பது என் கட்சி. நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும், அந்தத் துளியைக் கழித்துத்தான் கோடே போட்டிருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. கடைசியில் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். 20 மி.லி. தண்ணீர் 20 டிகிரி வெப்பநிலையில் 19.94 கிராம் காட்ட வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அவள் ஊதாமல் விட்ட தண்ணீர் 19.94. நான் ஊதிய பிறகு அதே தண்ணீர் 19.98. அவள் ஒன்றும் சொல்லவில்லை, பிப்பெட்டைக் கழுவித் தாங்கியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.